இளமைக்கண் படிந்த வாசனை

உயிர் தனித்து நிற்கும் இயல்பினது அன்று. யாதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாய் நிற்கும் என்பது சித்தாந்த சைவர் யாவர்க்கும் ஒத்த துணிபு. இதனைப் பளிங்கின்மேல் வைத்து விளக்குதலை மாணாக்கர் பாடந் தொடங்கிய சின்னாளிலேயே கேட்டறிவர். ஆயினும், இப்பிறவியில் உயிர் முதன்முதற் சாரும் பொருள் யாது என வினவுவார் மிகச் சிலரே. தாயின் மடி, தந்தையின் குரல், வீட்டின் நாற்சுவர், அச்சுவர்க்குள் நிகழும் சொல், சொல்லாமை என்னும் இவையே அச்சார்பாம். அச்சார்பினை விட்டு நாற்பதாண்டு கழிந்த பின்னரும் அதன் வண்ணம் சிலரை விடாது பற்றி, புறத்தே ஒரு காரணமும் இன்றியே அகத்தே இறுக்கம் விளைத்தலைக் காண்கின்றோம். இக்காலத்தார் மன அழுத்தம் என வழங்குவதில் ஒரு பெரும்பகுதி இதுவேயாம். இதனை நம் சாத்திரம் எங்ஙனம் கொள்ளும் என்பதும், பாடஞ் சொல்லுவோர் இதன்கண் அறிந்துகொள்ள வேண்டுவது யாது என்பதும் ஈண்டுச் சிறிது ஆராயப்படும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியை அடுத்துள்ள அத்திப்பட்டினை இவ்வாராய்ச்சிக்கு இடமாகக் கொள்கின்றோம். உப்பளமும் மீன்பிடியும் தொழிலாயிருந்த அப்பக்கத்தில் 1994-ஆம் ஆண்டு வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற்பொறி இயங்கத் தொடங்கிற்று; 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பெற்று, 2014-இல் காமராசர் பெயரினைப் பெற்றது. மின்னுலைக்கு இரவென்றும் பகலென்றும் வேற்றுமை இல்லை. கப்பலும் விடியுமளவும் காத்து நில்லாது. ஆகவே அவற்றில் உழைப்போர் முறைமாற்றிப் பகலிலும் இரவிலும் பணிசெய்வர். இரவுமுறை முடித்துக் காலையில் வீடு திரும்பிய தந்தை பகலில் உறங்கவேண்டும். வீடோ பெரும்பாலும் ஓரறையே உடையது. 'ஓசை செய்யாதே, அப்பா உறங்குகின்றார்' என்பதே அவ்வீட்டுக் குழந்தை பன்முறை கேட்கும் சொல். மறந்து ஒருகால் உரக்கச் சிரித்துவிட்டால், உறக்கங் கெட்ட தந்தையின் சினத்துக்கு அது இரையாதலும் உண்டு. முதற்பொறி இயங்கிய ஆண்டிற் பிறந்தோர் இன்று முப்பது கடந்து தாமே தந்தையராயுள்ளனர்.

அங்ஙனம் வளர்ந்தான் ஒருவனைக் கருதிப் பார்ப்போம். அவன் கற்றவன், பணியிற் குறைவிலன், ஊரார் 'மிக அமைதியானவர்' எனப் புகழப்படுபவன். அவ்வமைதியின் உள்ளே இருப்பது வேறொன்று. மேலதிகாரி பெயர் சொல்லி அழைத்தவுடன் அவன் நெஞ்சு படபடக்கும். செய்த பிழை யாதென மனம் தேடும். தனக்குரிய விடுப்பைக் கேட்பதற்கு மூன்று நாள் தயங்குவான். மனையாள் ஒருபொழுது பேசாதிருந்தால், அவள் தலைநோவினால் இருக்கின்றாள் என எண்ணாது, தன்மேற் சினந்தாள் எனவே கொள்வான். கதவு திறக்கும் ஓசை கேட்டு வருவோர் யாவர் என அறியுமுன் உடம்பு நிமிர்ந்து கொள்ளும். திருக்கோயிலிற் சந்நிதிமுன் நிற்கும்போதும் அவனுக்குத் தோன்றுவது அன்பன்று. கணக்குக் கேட்கப்படுவோமோ என்னும் அச்சமே. தந்தை இறந்து பல்லாண்டாயினும் ஆகுக. அக்குழந்தை இன்னும் அடியெடுத்து வைக்கும்போது ஓசை எழாமற் காத்துக்கொண்டே இருக்கின்றது. அத்தந்தையை யாம் குறைகூறுகின்றிலேம். உறக்கமின்றிக் கரியும் சாம்பலும் படிந்து அவர் உழைத்ததும் அக்குழந்தையின் பொருட்டே. அன்பு இருந்தது, அது குழந்தைக்கு எட்டும் வழிதான் அடைபட்டிருந்தது.

இனி நூலுட் புகுவோம். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் வேடரிடைச் சிக்கி வளர்ந்த அரசகுமாரனை உவமையாகக் கொண்டது. வேடராவார் ஐம்பொறிகள், குமரன் உயிர், அவனை நாடிவந்து உணர்த்தும் தந்தை குருவடிவில் வரும் முதல்வன். பொருளை உரையாசிரியர் வகுத்தபடி நாம் பலகாற் படித்துள்ளோம். உவமையினை மட்டும் தனியே நோக்கின் அதன்கண் மற்றொரு நுட்பம் புலனாம். அரசன் மகன் வேடனாகப் பிறந்திலன். வேடரால் வருத்தப்பட்டதாகவும் உவமை கூறிற்றிலது. வளர்ந்தான், அவ்வளவே. வளர்ந்தமையினாலே அவர் மொழி அவன் மொழியாயிற்று. அவர் அச்சம் அவன் அச்சமாயிற்று. புதரசைந்தால் வில்லில் கைவைத்தல் அவனுக்கு இயற்கையே ஆயிற்று. தான் இன்னான் என்னும் அறிவையே இளமைச் சார்பு மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எம்மனோர்க்குக் கிடைத்தல் அரிது. மெய்கண்டதேவர் உலகியலில் யாவரும் அறிந்ததொன்றனை எடுத்தே உலகியல் கடந்ததொன்றனை விளக்கினார். உலகியலில் அஃது உண்மை அல்லாக்கால் உவமையாதல் செல்லாது.

அச்சூத்திரத்தில் வினைகள் நிற்கும் முறையும் கருதத்தக்கது. உணர்த்துதல் முன், விடுதல் பின். தந்தை வந்து, 'நின் வில்லை எறி, நின் தோலாடையைக் களை, பின்னரே நீ என் மகன்' எனக் கூறிற்றிலன். 'நீ என் மகன்' என்றான். அதன்பின் வேடரை விட்டு நீங்குதல் குமரனுக்குத் தானே கைகூடிற்று. முறை மாறின் யாது நிகழும்? தன்னை வேடன் என்றே எண்ணி நிற்பான் ஒருவனை வேடத்தன்மை பற்றி இகழ்ந்தால், அவன் நாணமும் சினமும் கொள்வானே அன்றி அரசனாகான். இவ்வரிசை பாடஞ் சொல்லுவோர்க்கும் மகப்பேறுடையோர்க்கும் ஒருங்கே உரியது. சாதகன் தன் நெஞ்சோடு தான் பேசும்போதும் பிறழாது காக்கத்தக்கது.

உணர்ந்த அன்றே பழக்கமும் ஒழியுமோ எனின், ஒழியாது. பெருங்காயம் வைத்த பாண்டத்தைக் கழுவிக் கவிழ்த்த பின்னும் மணம் எஞ்சுதல்போல, மலம் வலிகெட்ட பின்னும் வாசனை எஞ்சும் என்பர் ஆசிரியர். நுகர்ந்து தீர்ந்தது வினை. தீராது நிற்பது அதன் சாயல். அரண்மனை புகுந்த குமரன் நள்ளிரவில் ஆந்தையின் குரல் கேட்டுத் துயிலெழுதல் கூடும். அதனால் அவன் அரசன் மகன் அல்லன் என்பது பெறப்படுமோ? படாது. எனவே வயது முதிர்ந்த ஒருவர், 'இத்துணை ஆண்டு திருமுறை ஓதியும் இவ்வச்சம் என்னை விட்டிலதே. என் பத்தி பொய்யோ' எனக் கலங்குவராயின், அக்கலக்கத்துக்குச் சாத்திரத்தில் இடமில்லை. ஒன்பதாஞ் சூத்திரம் ஐந்தெழுத்தோதலில் முடிவதும், பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரோடு கூடுதலையும் திருவேடத்தையும் ஆலயத்தையும் வழிபடுதலையும் விதிப்பதும் வாசனை மெல்லக் கழியும் இயல்பினது என்பதனாலேயே. ஒருநாளிற் கழிவதாயின் நாடோறும் ஓதுக என விதித்தல் எற்றுக்கு?

இக்கால உடனூலாரும் உளநூலாரும் இதற்கு அணித்தாகவே வந்துள்ளனர். ஜான் பௌல்பி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு வரைந்த அறிக்கையில், இளங்குழந்தை தாயோடு நெருங்கிய இடையறாத உறவு பெறாமை பிற்கால மனநலத்தைக் கெடுக்கும் என வற்புறுத்தினார். பிற்றைநாளில், அவ்வுறவில் தான் கண்டதையே குழந்தை உலகத்துக்கெல்லாம் அளவுகோலாகக் கொண்டு வளரும் என விரித்தெழுதினார். அமெரிக்க நாட்டுச் சான் டியாகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கு மேற்பட்டோரை வினவிப் பெலிட்டி, ஆண்டா என்னும் மருத்துவர் தம் குழுவினரோடு ஆராய்ந்தனர். இளமையில் அடி, வசை, புறக்கணிப்பு, வீட்டில் குடிவெறி முதலியவற்றுள் ஒன்றேனும் உற்றோர் அவருள் மூன்றில் இருபங்கினர் அளவினர். அத்தகைய துன்பத்தின் வகை மிகுதோறும் பிற்காலத்து மனச்சோர்வும் இதயநோயும் உட்பட நோய் பலவும் மிகுந்து காணப்பட்டன. முதலறிக்கை 1998-இல் வெளிவந்தது. இடர் நேர்ந்துழி உடம்பிற் சுரக்கும் கார்டிசால் என்னும் நீர், இடர் நீங்கிய பின் தணிதல் வேண்டும். இளமையில் இடையறாத அச்சத்துட்பட்டோர்க்கு அத்தணிவு முறை பிறழ்ந்து போதல் உண்டு என்றும் கூறுவர். மேற்காட்டியவன் கதவோசை கேட்டு நிமிர்வது அவன் கோழைமையன்று. அவன் உடம்பு கற்ற பாடம். உளநூலார் உயிரையும் முதல்வனையும் தம் கணக்கிற் கொள்ளாமையின் அவர் கூற்று நமக்கு முடிந்த முடிபாகாது. ஆயினும் கருவிகளின் நிலை பற்றி அவர் கண்டு கூறுவதை மறுக்க நமக்கு ஏது இல்லை. மறுத்தலால் யாதொரு பயனும் இல்லை.

இனி, இக்கட்டுரைக்கு உயிர்நிலையாவதனைக் கூறுகின்றோம். முதல்வன் செய்யும் தண்டமும் அருளே என்பதனை நிறுவுதற்கு அருணந்தி சிவாசாரியார் சுபக்கத்தில் எடுத்த உவமை, சொற்கேளாத மக்களைத் தாய் தந்தையர் கடிந்து சிறுகோலால் அடித்தல். அவர் சினம் வெளித்தோற்றமே. உள்ளே நிற்பது அன்பு என்பது பொருள். இதனையே மறக்கருணை என்று வழங்குகின்றோம். இவ்வுவமையைக் கேட்பான் ஒருவனுக்குப் பொருள் விளங்குவது எப்பொழுது? தன் தாய் தந்தையரின் அடிக்குள்ளே அன்பினைத் தொட்டறிந்தானாயின் விளங்கும். கள்வெறியில் விழுந்த அடியையும், காரணமறியாது விழுந்த அடியையும், அடித்தபின் அணைக்க ஒருவரும் இல்லாத அடியையுமே அறிந்தவனுக்கு? அவனுக்கு இவ்வுவமை முதல்வன் அருளை விளக்காது. முதல்வனையும் அவ்வடித்தார் வரிசையிற் சேர்த்துவிடும். உவமேயத்துக்கு விளக்குப் பிடிக்க வந்த உவமை அதனைக் கரியாக்கிவிடும். கேட்போன் வாய்திறவாது 'விளங்கிற்று' எனத் தலையசைப்பான். அத்தலையசைப்பே அவன் இளமையிற் கற்றது. ஆசிரியரும் அடுத்த செய்யுளுக்குச் செல்வார்.

உவமை பிழையென யாம் கூறுகின்றோமோ எனின், அற்றன்று. உவமையின் முழுவடிவினைப் பெரியபுராணம் இரண்டிடத்துக் காட்டுகின்றது. ஒன்று, சீகாழித் திருக்குளத்தில் நிகழ்ந்தது. தந்தையார் நீருள் மூழ்கி மறைந்தவுடன், மூவாண்டுப் பிள்ளையார் அவரைக் காணாது தோணிச் சிகரத்தை நோக்கித் தாயையும் தந்தையையும் ஒருங்கே விளித்து அழுதருளினார். அவ்வழுகைக்கு விடையாக வந்தது பால்; அதட்டலன்று. பின்னரே தந்தையார் கடைவாயிற் பால் வழிவதைக் கண்டு, யார் கொடுத்தது எனக் கோலோச்சி வினவினார். கோலின்முன் பிள்ளையார் நடுங்கிற்றிலர். கொடுத்தாரைச் சுட்டிக்காட்டிப் பாடினார். பாலுண்ட குழந்தைக்குக் கோல் அச்சமாகவில்லை; சொல்லை வெளிப்படுத்தும் வாயிலாயிற்று. பால் இன்றிக் கோல் மட்டும் கண்ட குழந்தைக்குப் பாட்டு வருமோ என்பதனை வீட்டுக்குப் பெரியோராயுள்ளார் எண்ணுக.

மற்றொன்று திருநாவுக்கரசர் வரலாறு. இளமைத் துயரத்தை அவர்போல் நிரம்ப உற்றார் அடியாருள்ளும் சிலரே. திருவாமூரில் தந்தையார் புகழனார் நோயால் மறைந்தார். தாயார் மாதினியார் அவரோடு உயிர்நீத்தார். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் இறந்தார் என்னும் செய்தி அதன்மேல் வந்தது. உயிர்விடத் துணிந்த தமக்கையாரின் அடியில் விழுந்து, தாமும் முன்னரே உயிர்விடுவதாகக் கூறித் தடுத்தவர் இளஞ்சிறுவராய மருணீக்கியார். தம்பி உயிரோடிருத்தல் வேண்டும் என்பதற்காகவே அவ்வம்மையார் உயிர் தாங்கினார். மருணீக்கியார் வளர்ந்து செல்வத்தை அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் வழங்கினார். நிலையாமை ஒன்றே அவர் கண்ணில் நின்றது. சமணம் புக்குத் தருமசேனர் ஆயினார். நிலையாமையை அவர் ஏட்டிற் கண்டிலர். சிறுபருவத்தில் வீட்டுள்ளே கண்டார். அடியாரை உளநூல் கொண்டு அளக்கத் துணிகின்றிலேம். சேக்கிழார் நிகழ்ச்சிகளை நிறுத்திய வரிசையை மட்டுமே சுட்டுகின்றோம்.

பின்னர் வந்தது சூலை. அது முதல்வன் செய்த தண்டமே என்பது புராணத்தின் தெளிந்த கூற்று. ஆனால் தண்டம் வருமுன் நிகழ்ந்தது யாது? திருவதிகையில் திலகவதியார் தம்பிக்காக முறையிட்டுக் கொண்டிருந்தார். முதல்வன் அவர் கனவில் தோன்றி, ஆட்கொள்வேம் எனத் தேற்றினான். தண்டத்துக்கு முன்னே தேற்றம் நிகழ்ந்தது. நோயுற்ற தருமசேனர்க்குத் திரும்பிச் செல்லுதற்கு ஒரு வாயிலும் இருந்தது. இரவில் வந்து அடியில் விழுந்த தம்பியை அவ்வம்மையார், ஏன் சென்றாய் எனவோ, இத்துணை ஆண்டு எங்கிருந்தாய் எனவோ வினவிற்றிலர். இறைவன் கருணையை நினைந்து எழுப்பினார், திருநீறு அளித்தார், விடியற்காலையில் திருக்கோயிலுக்குத் தம்மொடு அழைத்துச் சென்றார். சூலை அருளாயிற்று எனின், அதனை அருளாக்கியது அது தள்ளிக் கொண்டுசேர்த்த இடம். திரும்பப் புகுதற்கு ஒரு மடி இல்லாதானுக்கு வரும் அடி வெறும் அடியே. எட்டாஞ் சூத்திரத்து அரசனும் திலகவதியாரும் ஒரே வரிசையினைக் காத்தமை காண்க.

சிறுவயதில் தந்தையை இழந்தவரைச் சீகாழிப் பிள்ளையார் 'அப்பர்' என அழைத்ததும், அப்பெயரே நாட்டில் நிலைத்ததும், அவர்தாம் திருத்தாண்டகத்தில் முதல்வனைத் தந்தையும் தாயும் ஏனை உறவுமாக விளித்துப் பாடியதும் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றன. துறவு இளமைச் சார்பினை அழித்துவிடும் என எண்ணுவாரும் உளர். திருவொற்றியூர்க் கடற்கரையில் அடக்கங் கொண்டுள்ள பட்டினத்தடிகள் செல்வம், மனை, சுற்றம் அனைத்தையும் துறந்தார். ஆயினும் அன்னைக்கு ஈமக்கடன் செய்யத் திரும்பிவந்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. சிறுவராக மடம் புகுந்து வளர்ந்த துறவியர் இதனை நன்கு அறிவர்.

ஈண்டுத் தடை ஒன்று நிகழும். 'இன்ன தாய்தந்தையரிடத்துப் பிறத்தல் முன்வினைப் பயன். அவர் அடித்தலும் அவ்வினைப் பயனே. ஆகலின் இதனை ஆராய்ந்து யாது பயன்?' எனின், கூறுதும். நுகர்வோன்மாட்டு அது பிராரத்தம், உண்மை. அடிப்போன்மாட்டு அதுவே ஆகாமியமாய் ஏறுகின்றது. அதனைத் தடை கூறுவார் மறந்தார். ஒருவன் வினைக்குப் பிறனொருவன் கருவியாதல் அப்பிறனைக் குற்றத்தினின்றும் விடுவியாது. அன்றியும், பசிநோயும் வினைப்பயனே. ஆயினும் உணவிடுதலை நாம் அறம் என்கின்றோம். வினையை எடுத்துக்காட்டித் துன்புற்றானிடத்து வாளா இருத்தல் சித்தாந்தம் அன்று. சோம்பலுக்கு அணிவித்த சாத்திர உடை என்போம்.

'கோலின்றிக் கல்வி ஏது? பழைய திண்ணைப் பள்ளியில் கோதண்டம் இட்டே எம் முன்னோர் கற்றனர்' என்பாரும் உளர். கற்றனர், கற்றவரைப் பற்றியே நாம் அறிகின்றோம், அஞ்சி ஓடினவர் ஏட்டில் இடம்பெற்றிலர். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் தன் பதினேழாம் பிரிவால் பள்ளியில் உடலொறுத்தலையும் உளத்தை வருத்துதலையும் விலக்கிவிட்டது. மடங்களைச் சார்ந்த பாடசாலைகளில் சிறுவர்க்கு ஓதுவிப்போர் சட்டத்துக்கு அஞ்சி அன்றி, எட்டாஞ் சூத்திரத்துக்கு இசைந்தே அதனை மேற்கொள்ளல் தகும்.

வளர்ந்து விட்டவர்க்கு வழி யாது? முதலாவது, அகத்தில் அச்சம் எழும்போது 'இஃது இப்பொழுதைய பொருளைப் பற்றியதோ, அப்பொழுதையதோ' எனப் பகுத்தறிதல். தத்துவங்களைத் தன்னின் வேறாகக் காண நமக்குப் பயிற்சி உண்டன்றோ? நிலத்தையும் நீரையும் வேறெனக் காண்பதினும், பத்தாண்டில் தன் புத்தியில் படிந்த அச்சத்தை வேறெனக் காண்பது கடினம். அதனாலேயே அது தத்துவக் காட்சியில் ஒரு மெய்யான பயிற்சியாம். 'யான் அஞ்சுகின்றேன்' என்பது 'அச்சம் இங்கே எழுகின்றது' என மாறுமிடத்தே உயிர் தன்னைச் சிறிது காண்கின்றது. இரண்டாவது, ஐந்தெழுத்து. அதனைத் தண்டத்துக்கு அஞ்சி எண்ணிக்கை நிரப்புவான்போல் ஓதுவோர் பழைய அச்சத்தையே மணியில் உருட்டுகின்றனர். குறைந்த எண்ணாயினும் மகன் தந்தையை அழைக்கும் முறையில் ஓதுக. மூன்றாவது, அடியார் கூட்டம். சார்பினால் வந்தது சார்பினாலேயே மாறும். தனியறையில் நூல் பயின்று மட்டும் மாறாது. துன்பம் மிகுந்து உறக்கமும் உணவும் கெட்டார் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். அது பத்திக்குக் குறைவன்று, சூலைக்கு மருந்துண்பதில் இழுக்கு என்னை?

அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கங்களில் சித்தாந்த வகுப்பு நடத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம். சுபக்கத்துச் சிறுகோல் உவமையை எடுக்குமுன் திருநாவுக்கரசர் புராணத்தில் திலகவதியார் பகுதியை ஓரிரு வாரம் படிப்பித்துக் கொள்க. உவமையைக் கூறியபின் உடனே அடுத்ததற்குச் செல்லாது சற்றே நிறுத்துக, யாரேனும் பேசக்கூடும். பேசுவோர் தம் தந்தையைக் குறைகூறுவராயின் 'தந்தையை இகழாதே' என வாயடைக்கவேண்டா. அவர் இகழவில்லை, முப்பதாண்டுக்குப் பின் முதன்முறையாக ஓசை செய்கின்றார். முறைவேலை மாறுதலால் எல்லாரும் ஒரே கிழமையில் வருதல் அரிது. ஆகலின் ஒவ்வொரு பாடத்தையும் வாரத்தில் இருமுறை, ஒன்று காலையிலும் ஒன்று மாலையிலும், நடத்துதல் நலம்.